பேசாமல் இருக்க வந்தவர்களின் ஹால்

பேசாமல் இருப்பதற்காகவே உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து விமானம் ஏறி எங்கள் ஊருக்கு வந்தவர்கள், வாரத்துக்கு ஒரு சாயங்காலம் வாய்விட்டுப் பேச ஹால் வாடகைக்குக் கிடைக்குமா என்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். நல்ல உயரம். நான் கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக்கூட முடியாமல் தலையை ஆட்டினேன்.

"ரூமா வேணும்?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ரூம் வேணாம். தூங்க இல்லை. உக்கார. எல்லாரும் சேந்து உக்கார," என்றார் அந்த அம்மா, அப்போதைய அவருடைய ஓட்டைத் தமிழில்.

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, "சேந்து உக்கார்றதுக்கு வாடகையா? ஏம்மே, அதுக்கு டீக்கடை பெஞ்சு போதுமே," என்றார்.

"வாய மூடுங்க. மேல ஒட்டடைதான் குடியிருக்குது. தேடி வர்ற மகராசிய விரட்டிடாதீங்க," என்றேன்.

ஒட்டடை என்று நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே வீடும் என் மாவுக் கடையும். மாடியில் ஹால். காதுகுத்து, சீமந்தம், மஞ்சள் நீராட்டு என்று சின்ன விசேஷங்களுக்கு விடலாம், கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்க வசதியில்லாத ஜனங்கள் எல்லாரும் நம்மிடம்தான் வருவார்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் பெரிய திட்டம் போட்டுக் கட்டினார். சந்தின் அகலத்தை மட்டும் யோசிக்கவில்லை. கார் உள்ளே வந்தால் திரும்பாது. தட்டு வரிசையோடு வந்த சம்பந்திகள் சாக்கடை ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். மாடிப்படி வேறு செங்குத்து. மேலே தகரக் கூரை, அதன்மேல் குரங்குகளின் ஓட்டப்பந்தயம். ஒரு தடவை விசேஷம் வைத்தவர்கள் எங்களைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஹாலைத்தான் அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரிகிற மலையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு," என்றார்.

"எந்த ஊரு, ரஷ்யாவா?" என்று நான் சும்மா கேட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த அவருடைய கணவரின் முகம் அப்படியே சிவந்துவிட்டது. "ரஷ்யா இல்லை. லிதுவேனியா," என்றார். நான் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்கிற வரைக்கும் விடவில்லை. நமக்கு வெள்ளைக்காரர் என்றால் எல்லாரும் ஒன்றுதானே! பின்னாளில்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய அப்பாவைச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தோடு ரயிலில் ஏற்றி ரஷ்யாவின் பனிக்காட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அதைக் கேட்ட பிறகு எங்கள் சந்தில் யாராவது 'ரஷ்யாக்காரங்க' என்றால் அவரைவிட எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அக்கா புருஷன் மாமாதானே, ஆகவே அவர் மாமா. முறை வைத்தாகிவிட்டது. மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் நெஞ்சைத் தொட்டு, "நான் மாமா," என்று சொல்லிக்கொள்வார்.

அப்போது எங்கள் ஊரில் அவர்கள் நாட்டு ஜனங்கள் இருபது பேர் போல இருந்தார்கள். ஆசிரமத்தைச் சுற்றி ஆளுக்கொரு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள், அடி அண்ணாமலைப் பக்கம் தோட்டத்து வீட்டில் கொஞ்சம் பேர். எல்லாரும் மலைக்காக வந்தவர்கள். காலையில் தியானம், மத்தியானம் மௌனம், சாயங்காலம் கிரிவலப் பாதையில் வாய் திறக்காமல் நடை. மௌனம் நல்லதுதான், ஆனால் எந்தப் பாஷையில் மௌனமாக இருக்கிறோம் என்பதே சில நாளில் மறந்துபோகிறது என்று அக்கா ஒரு நாள் சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. நான் தூங்கும்போதுகூட வாயை மூடுவதில்லை என்பது எங்கள் வீட்டுக்காரர் கட்சி.

கட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாலுக்கு வந்த முதல் வாரமே மாமா மாடிக் கைப்பிடிச் சுவரில் அவர்கள் நாட்டுக் கொடியைக் கட்டினார். மஞ்சள், பச்சை, சிவப்பு. மறுநாள் காலையிலிருந்து மாவு வாங்க வந்த ஒவ்வொருத்தரும், "இன்னாக்கா, மேல எந்தக் கட்சி ஆபீஸ் போட்டுக்கீறீங்க?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, புதுக் கட்சியா, வட்டப் பொறுப்பு எதாவது கிடைக்குமா என்று விசாரித்தார். தேர்தல் வந்தபோது கொடியை மறைக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டார். அது ஒரு நாடு என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு மாவு பொங்கி வழிந்துவிட்டது. கடைசியில் அவர், "நாடோ கட்சியோ, எலக்ஷன் முடியற வரைக்கும் ஒரு துணி போட்டு மூடி வைங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினோம். மாமா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அது மௌன விரதம் என்று அக்கா சமாளித்தார். கோபம் என்பது எனக்குத் தெரியாதா!

அவர்கள் மேலே பாடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் தடவை கேட்டபோது நான் பயந்தே போனேன். ஒரு பொம்பளை குரல் எடுத்து ஏதோ சொல்கிறாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி உள்ளே பாய்கிறாள். இவள் ஒன்று சொல்ல, அவள் அதன்மேலேயே ஒன்று சொல்ல, இரண்டு குரலும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அடிதடிதான் என்று முடிவு கட்டி, மாவுக் கரண்டியோடு படியேறிவிட்டேன். "போவாதம்மே, வெளிநாட்டுச் சண்டை நமக்கு எதுக்கு!" என்று எங்கள் வீட்டுக்காரர் பின்னாலேயே கத்தினார். கதவைத் தள்ளிப் பார்த்தால், எல்லாரும் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் கரண்டியும் கையுமாக நின்றதைப் பார்த்து மாமாதான் முதலில் சிரித்தார்.

சந்தில் மற்றவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். "மேல யாருனா தவறிட்டாங்களா? ஒப்பாரி கேக்குதே," என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார்.

ஒப்பாரி இல்லை. அது அறுவடைப் பாட்டு என்று அக்கா சொன்னார். கேழ்வரகு மாதிரி கறுப்பாக ஒரு தானியம் அவர்கள் ஊரில் விளையுமாம். அதை அறுக்கிறபோது வயலின் இந்தக் கோடியில் ஒருத்தி தொடங்குவாள், அந்தக் கோடியில் இன்னொருத்தி நடுவில் எடுப்பாள். சேர்ந்து பாடக்கூடாது, உரசிக்கொண்டு பாடவேண்டும். "ரெண்டு மணிய ஒண்ணா அடிச்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி உரசணும். உரசலன்னா அது பாட்டே இல்ல," என்றார். நடுநடுவே நம் தன்னானே போல அர்த்தமில்லாத சொல்லெல்லாம் வரும். இன்னொரு விஷயமும் சொன்னார். அது பொம்பளைகள் பாட்டு. ஆம்பளை பாடுகிற வழக்கமே இல்லை. ஆனால் இங்கே பாடத் தெரிந்த பெண்கள் கம்மி. அதனால் மாமா தானாகவே வந்து வட்டத்தில் நின்றுகொண்டார். ஊரில் இதைச் செய்திருந்தால் கிழவிகள் விரட்டி அடித்திருப்பார்களாம். "இங்க யாரு பாக்கப் போறாங்க?" என்பாராம் மாமா. நாங்கள் இவ்வளவு பேர் கீழே கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குக் கணக்கில்லை போலிருக்கிறது.

எனக்கும் அக்காவுக்கும் நெருக்கம் வந்தது பாட்டால் இல்லை, புளிப்பால். ஒரு நாள் கடைக்கு வந்தவர், நான் மூடி திறந்த புளித்த மாவு டப்பாவுக்குள் மூக்கை விட்டு இழுத்துவிட்டு, "எங்கம்மா வீடு!" என்று கத்தினார். அவர்கள் ரொட்டிக்கும் மாவைப் புளிக்கவைத்துத்தான் சுடுவார்களாம். அந்தத் தானியம் இங்கே கிடைக்காது, கேழ்வரகு மாவில் என் புளித்த மாவைக் கொஞ்சம் கலந்து சுட்டுப் பார்த்தார். கல்லாக வந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைக் கையில் எடை போட்டுப் பார்த்து, "இன்னும் நாலு சுட்டீங்கன்னா இன்னொரு மாடி எழுப்பிடலாம்," என்றார். ஆனால் அன்றைக்கு ஹாலில் அதை மெல்லிசாகச் சீவி வைத்தபோது, அந்த ஜனங்கள் ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றார்கள். ஒரு பெரிய ஆம்பளை, தாடி வைத்தவர், தின்றுகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அவர்களுக்கென்று ஒரு கிண்ணம் மாவை வெளியிலேயே வைத்து நன்றாகப் புளிக்க விடுவேன்.

அக்கா என்னிடம்தான் தமிழ் படித்தார். நான் என்ன பேசுவேனோ அதுதானே வரும்! குரங்கைப் பார்த்தால் "சனியனே, ஓடு," கரண்ட் போனால் "இவனுங்களுக்கு வேற வேல இல்ல." வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆபீசுக்குத் தன் விசா காகிதம் விஷயமாகப் போனவர், அங்கே உட்கார்ந்திருந்தவரிடம், "இன்னாங்க, காலைலேர்ந்து ஒரே ரோதனையா போச்சு," என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து, வேலையையும் முடித்துக் கொடுத்து அனுப்பினாராம். அக்கா அதை என் வெற்றி என்பார்.

என் மகளுக்கு வளைகாப்பு அந்த ஹாலில்தான் நடந்தது. எங்கள் ஹால், எங்கள் விசேஷம், ஆனாலும் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். மாமா சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். அக்கா தங்கள் ஊர்ப் பலகாரம் என்று பீட்ரூட்டும் மோரும் வெள்ளரிக்காயும் கலந்து ஜில்லென்று ஒரு சூப் செய்து, ரோஸ் கலரில், தாம்பாளம் போன்ற அகலத் தட்டுகளில் ஊற்றிக் கொண்டு வந்து வைத்தார். என் சம்பந்தியம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் காதில், "இது குடிக்கறதா, இல்ல பொண்ணுக்கு சுத்திக் கொட்டறதா?" என்று கேட்டார். ஆரத்தி என்றே நினைத்துவிட்டார், பாவம். நான் சிரிப்பை அடக்க முடியாமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். வளையல் அடுக்கி முடிந்ததும் அவர்கள் எல்லாரும் நின்று என் மகளுக்காகப் பாடினார்கள். வயிற்றில் பிள்ளை உதைத்ததாம். பாட்டுப் பிடித்தா பிடிக்காமலா என்று யாருக்குத் தெரியும்.

அதெல்லாம் நன்றாக இருந்த காலம். கொரோனா வந்தது. தனி விமானம் விடுகிறார்கள், இதை விட்டால் எப்போது என்று தெரியாது என்று ஒரே நேரத்தில் பாதிப் பேர் கிளம்பினார்கள். மாஸ்க் போட்ட முகத்தோடு சந்தில் நின்று மாடியைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருவார்கள் என்றுதான் நினைத்தோம். அப்புறம் அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ரஷ்யா சண்டை தொடங்கியது. தங்கள் நாட்டுக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் வயதான அப்பா அம்மாவை விட்டு யாரும் வரவில்லை. இங்கே இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் அக்காவும் மாமாவும் மட்டும்.

அப்போதும் அவர்கள் வாரா வாரம் ஹாலைத் திறந்தார்கள். நாற்காலிகளைத் துடைத்தார்கள், ஜமக்காளம் விரித்தார்கள், இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பாடினார்கள். "இரண்டு பேருக்கு எதுக்குக்கா ஹாலு, வீட்லயே பாடலாம்ல?" என்று நான் கேட்டேன். "வீட்ல பாடினா அது புருஷன் பொண்டாட்டி. இங்க பாடினாதான் லிதுவேனியா," என்றார் அக்கா. எங்கள் வீட்டுக்காரர் அன்றிலிருந்து வாடகை வாங்க மறுத்துவிட்டார். மாமா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாடகைச் சண்டை முடிவதற்குள் மாமாவே போய்விட்டார்.

ஹாலில்தான் போனார். காலுடைந்த நாற்காலி ஒன்றைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போன அக்கா, அவர் சுவரில் சாய்ந்து தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு வலி, நொடியில் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அந்தச் செங்குத்துப் படியில் மாமாவை இறக்குவதற்கு எங்கள் சந்து ஆம்பளைகள் எல்லாரும் வேண்டியிருந்தார்கள். பூமாலை எங்கள் முறை, மெழுகுவர்த்தி அவர்கள் முறை. சந்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து, 'நான் மாமா' என்பதற்குமேல் தங்களோடு நாலு வார்த்தை பேசாத அந்த மனுஷனுக்காக மார் அடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை.

"அழுதுடுங்கக்கா, உள்ள வச்சிக்காதீங்க," என்றேன்.

"வர்ல தங்கச்சி," என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம், கோடை முழுக்க, ஆடி முடிந்தும் அவருக்கு அழுகை வரவில்லை. ஹாலும் திறக்கவில்லை. கடைக்கு வருவார், ஸ்டூலில் உட்காருவார், நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மனுஷி இப்படி வறண்டுபோகலாமா?

மழைக்காலம் தொடங்கியபோது, மகன் கூப்பிடுகிறான், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, நவம்பரில் போகிறேன், ஹாலைக் காலி பண்ணிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். தனியாக இருக்கிற பொம்பளை பிள்ளையிடம் போவதுதானே நியாயம். "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும்," என்றார். நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்கான நாள் வருகிறது. அன்றைக்கு எல்லாரும் கல்லறையில் விளக்கு வைப்பார்கள். மாமாவை எரித்தாகிவிட்டது, அவருக்கு இங்கே கல்லறை இல்லை. அவர் கடைசியாக உட்கார்ந்த ஹால்தான் இருக்கிறது. அங்கே அந்த அறுவடைப் பாட்டு ஒரு தடவை பாடப்பட வேண்டும். அதுதான் அவருக்குப் பிடித்த பாட்டு. அதைப் பாடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனால், அவரை இங்கே அப்படியே விட்டுவிட்டுப் போவது போல் ஆகும் என்றார்.

ஒரு குரலால் அந்தப் பாட்டைப் பாட முடியாது. அதுதான் சங்கடம்.

ஊருக்குத் திரும்பிப்போன தோழி ஒருத்தியை வீடியோ காலில் கூப்பிட்டார். என் மகளுடைய போனை நாற்காலியில் நிறுத்தி வைத்து, நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தொடங்கினார். தோழி சரியான இடத்தில்தான் எடுத்திருப்பாள், ஆனால் அவள் குரல் இங்கே வந்து சேர்வதற்குள் அக்கா அடுத்த வரிக்குப் போய்விட்டார். அக்கா நின்றால் அவளும் நிற்கிறாள், இவர் எடுத்தால் அவளும் எடுக்கிறாள், நடுவில் படம் வேறு உறைந்துபோய் வாயைத் திறந்தபடி நிற்கிறது. இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கால் முடிந்தது. அடுத்து, பழைய பதிவு ஒன்றைப் போட்டு அதோடு பாடிப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார். "இது நான் பாடறத கேக்கவே மாட்டேங்குது தங்கச்சி. நான் மூச்சு வாங்கினா இது நிக்கல. போயிகினே இருக்குது," என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லி அங்கலாய்த்தபோது எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மே, நீ போயி பாட வேண்டியதுதான?" என்றார்.

"கிண்டல் பண்ண நேரம் காலம் இல்லயா உங்களுக்கு?"

"கிண்டல் இல்ல. மாவு தள்ளும்போது நீ தெனமும் அதத்தான பாடற. எத்தினி வருஷமா கேக்கறேன்."

"நானா?"

"நீதான். நேத்துக்கூடப் பாடின. அர்த்தம் இல்லாம தூத்தூன்னு இன்னாவோ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு ரசம் ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன். ஆனால் மறுநாள் கிரைண்டரைப் போட்டுவிட்டு உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது. பாட்டு தானாக வந்துகொண்டிருந்தது. ஆதியிலிருந்து முடிவு வரை. ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. படி வழியாக வாரா வாரம் கீழே இறங்கி வந்த குரல்களில் கனமான ஒரு குரலை என் காது பிடித்து வைத்திருக்கிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கிரைண்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன்.

போய்ச் சொல்ல எனக்குப் பயம். என் குரல் தகரத்தில் ஆணி கீறுவது மாதிரி இருக்கும், கோயிலில்கூட நான் வாய்க்குள்தான் பாடுவேன். அதுவும் இறந்துபோன மனுஷனுக்காகப் பாடுகிற பாட்டு. கன்னாபின்னாவென்று உளறி, அக்காவின் மனசை இன்னும் நோகடித்துவிட்டால்? நான் என்ன அவர்கள் ஜாதியா, ஜனமா? இப்படி யோசித்து யோசித்தே அந்த நாள் வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை. மலை தெரியவில்லை. அக்கா மாடியைத் திறந்து, பெருக்கி, மாமா சாய்ந்திருந்த சுவர் ஓரமாக மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துவிட்டு ஜமக்காளத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் படியேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, நான் ஒண்ணு பண்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆரம்பிங்க," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆரம்பிங்கக்கா, எனக்கு தைரியம் போறதுக்குள்ள!" என்று அதட்டினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள், மாவு தள்ளுகிறபோது எந்த இடத்தில் எடுப்பேனோ அந்த இடத்தில் நான் எடுத்தேன்.

அக்காவின் கண் பெரிதாயிற்று. ஆனால் நிறுத்தவில்லை. என் குரலும் அவர் குரலும் முட்டின. உரசல் வந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, என் பல்லெல்லாம் அதிர்ந்தது. தகரத்தில் மழை அடிக்கிறது, நான் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்தது அடுத்தது என்று போய்க்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வரியின் முடிவில் அக்கா சட்டென்று நிறுத்திவிட்டார்.

போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அந்த எடத்துல மேல போனியே," என்றார். "யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லித் தர்லக்கா. கீழ அப்பிடித்தான் கேட்டுச்சு."

"அது தப்பு. அங்க கீழ எறங்கணும். எல்லாரும் கீழதான் எறங்குவாங்க." மெழுகுவர்த்திப் பக்கம் திரும்பினார். "அவரு ஒருத்தர்தான் மேல போவாரு. இங்க வட்டத்துல வந்து நின்ன நாள்லேர்ந்து சொல்றேன், தப்பு, தப்புன்னு. கேக்கவே மாட்டாரு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வந்துவிட்டது. இத்தனை மாதமாக வராதது மொத்தமும் வந்தது. என் மடியில் விழுந்து, உடம்பு குலுங்க, சந்துக்கே கேட்கிற மாதிரி அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுங்க, நல்லா அழுங்க," என்று நானும் அழுதேன். கீழே எங்கள் வீட்டுக்காரர் படி வரைக்கும் வந்துவிட்டு, மேலே ஏறாமல் நின்றது தெரிந்தது.

அழுகை ஓய்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரிக்கா, திருத்திக்கறேன். மறுபடியும் ஆரம்பிங்க," என்றேன். ஆரம்பித்தார். மூன்றாவது வரி முடிவில் நான் கவனமாக, அவர் சொன்னபடியே கீழே இறங்கினேன். படாரென்று என் தொடையில் ஒரு அடி விழுந்தது.

"அடிப்பாவி, திருத்தாத! அவரு பாடின மாதிரி பாடு."

மூன்றாம் முறை தொடங்கினோம். அந்த இடம் வந்தது. அக்கா கீழே இறங்கினார், நான் மாமா போன மாதிரியே தப்பாக மேலே போனேன். மூச்சு வாங்குகிற இடைவெளியில் அக்கா என் பக்கம் திரும்பி, அழுகிற முகத்தோடு, அவர்கள் பாஷையில் மாமாவை ஒரு திட்டுத் திட்டிவிட்டு அடுத்த வரியைப் பிடித்தார்.